எட்டு வாசல் கூடம்

கேள்வி:

ஐயா, மன்னார்குடி வட்டத்தில் ஒரு கிராமம் எங்களுக்கு. வீட்டுக்காரருக்கு வயல் வேலை, நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்வருகிறேன், இரண்டு பிள்ளைகள். மனை கிழக்குப் பார்த்தது. 30 அடி அகலம், 120 அடி நீளம். தாத்தா காலத்து ஓட்டு வீடு 2018 கஜா புயலில் பாதி போயிற்று. மீதியை நாங்களே பிரித்தோம். போன ஆனியில் கடக்கால் எடுத்து, பில்லர் கம்பி நிறுத்தி, பேஸ்மட்டம் முடித்தோம். தெருவிலிருந்து மூன்றடி உயரம், மனைத் தரையிலிருந்து ஒன்றரை அடி. "ஒரு மழை வாங்கட்டும், மண்ணு நல்லா உக்காரட்டும்" என்று மேஸ்திரி நிறுத்திவிட்டார். தை பிறந்ததும் சுவர் எழுப்ப வேண்டும்.

பிளானைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. ஹாலில் சோபாவை எங்கே போட்டாலும் யாருடைய வழியையாவது மறிக்கிறது. இப்போது இருக்கும் வாடகை வீட்டிலும் இதே பாடுதான். அத்தைக்கு 74 வயது, மூட்டுவலி. கூடத்தில் காலை நீட்டித்தான் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொருவர் தாண்டும்போதும் காலை மடக்கிக்கொள்வார். புது வீட்டிலும் அப்படியே ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. "ஹால் பெருசாத்தானே இருக்கு" என்கிறார் வீட்டுக்காரர். வாஸ்து பார்த்துப் போட்ட பிளான் என்பதால் மாற்றச் சொல்லவும் தயக்கம். வரைபட நகலை இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

— ஒரு வாசகி, மன்னார்குடி வட்டம்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

ஒவ்வொருவர் தாண்டும்போதும் அத்தை காலை மடக்கிக்கொள்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, வரைபடத்தைப் பிரிப்பதற்கு முன்பே அந்த ஒரு வரியில் குறை எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை மடக்கி நீட்டுவார் அவர். மூட்டு தேய்ந்த காலுக்கு அது எவ்வளவு வலி என்று வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்.

பிறகு வரைபடத்தில் உங்கள் ஹாலுக்குள் திறக்கும் வாசல்களை எண்ணினேன். தலைவாசல், பூஜை அறை, சமையலறை, சாப்பாட்டு அறை, அத்தையின் அறை, கொல்லைக்குப் போகும் நடை, மாடிப்படி, படிக்கு அடியில் டாய்லெட். மொத்தம் எட்டு. இந்த எட்டுக்கும் இடையில் உங்கள் வீட்டார் ஒரு நாளில் எப்படியெல்லாம் போய் வருவார்கள் என்று பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தேன். 12-க்கு 20 ஹாலில் எந்தக் கோடும் படாமல் மிஞ்சியது, பூஜை அறையை ஒட்டி ஒரு கட்டில் போடும் இடம்தான். வீட்டுக்காரர் சொல்வது சரி, ஹால் பெரியதுதான். 240 சதுர அடி. ஆனால் அவ்வளவும் நடக்கிற வழியாகப் போய்விட்டது. இன்னும் நூறு சதுர அடி சேர்த்தாலும் அதுவும் வழியாகத்தான் போகும். உங்கள் குறை வாசல்கள் இருக்கும் இடத்தில் இருக்கிறது. நல்ல காலம், உங்களுக்கு இன்னும் ஒரு வாசல்கூட வைக்கவில்லை.

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. 1994ல் கும்பகோணத்தில் எங்கள் சொந்த வீட்டுக்கு நானே வரைபடம் போட்டேன். அம்மாவின் அறை ஒரு பக்கம், குளியலறை ஹாலுக்கு அந்தப் பக்கம். என்னைப் பார்க்க வருகிறவர்கள் இரவு ஒன்பது மணி வரைக்கும் ஹாலில் உட்கார்ந்து பேசுவார்கள். அம்மா ஒரு நாளும் ஒரு குறையும் சொன்னதில்லை. மூன்றாம் வருஷம் அவருக்குச் சிறுநீர்த் தொற்று வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, "தண்ணி சரியா குடிக்கிறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அம்மா தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டிருந்தார். அத்தனை ஆம்பளைகளுக்கு நடுவில் எப்படி எழுந்து போவது என்று கூச்சம். அடுத்த வாரமே அவர் அறையின் பின்சுவரை உடைத்துத் தாழ்வாரத்துக்கு ஒரு வாசல் வைத்தேன். இரண்டு ஆள், இரண்டு நாள் வேலை. அந்த மூன்று வருஷத்தை மட்டும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அதிலிருந்து எந்த வீட்டுக்கும் அறை வரைவதற்கு முன்னால் ஆட்கள் நடக்கும் வழியை வரைகிறேன்.

இப்படி நடக்கும் வழியைக் கோடாக வரைந்து பார்க்கும் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஜெர்மனியில் வேலை செய்த அலெக்சாண்டர் கிளைன் என்ற கட்டடக் கலைஞர் 1928ல் இரண்டு வீட்டு வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குடியிருப்பவர்கள் நடக்கும் பாதைகளைக் கோடுகளாகப் போட்டுக் காட்டினார். ஒன்றில் கோடுகள் சிக்கு விழுந்த நூல் மாதிரி பின்னிக் கிடந்தன. இன்னொன்றில் ஒன்றை ஒன்று வெட்டாமல் ஓடின. அதற்கு, உராய்வில்லாத வாழ்க்கைக்கான வீடு என்று பேர் வைத்தார். கோடு போட்டுப் பார்க்கும் முறையை அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன். ஆனால் வீட்டில் ஒருத்தர் வழியில் ஒருத்தர் படவே கூடாது என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பேத்தி ஆத்தாவைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். அந்தத் தாண்டலில்தான் "என்னடி சாப்பிட்டே?" என்ற கேள்வி பிறக்கிறது. குப்பைக்கூடையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் அவரைத் தாண்டுவதும், ஈரத்துணி வாளியோடு தாண்டுவதும், கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு தாண்டுவதும் வேறு. முதல் வகையை வைத்துக்கொள்ள வேண்டும், இரண்டாவது வகையை வேறு வழியில் திருப்பிவிட வேண்டும். எது எந்த வகை என்று உங்கள் குடும்பம்தான் சொல்ல முடியும்.

அதனால் முதலில் இதைச் செய்யுங்கள். வரைபடத்தை ஆறு நகல் எடுங்கள். பிள்ளைகளின் கலர் பென்சில் டப்பாவை வாங்கிக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு நிறம், நாளுக்கு ஆறு வேளை. விடியற்காலை நாலரைக்கு அத்தை எழுந்து பாத்ரூம் போவது. ஆறு மணிக்கு வாசல் தெளிக்க நீங்கள் போவது, பால் வாங்குவது. ஏழரை மணிக்கு இரண்டு பிள்ளைகளும் நீங்களும் பள்ளிக்குக் கிளம்பும் களேபரம், அதே நேரம் வயலுக்குப் போகிற வீட்டுக்காரர் டீக்கு வந்து நிற்பது. பதினொரு மணிக்கு வயலிலிருந்து சேற்றுக் காலோடு ஆள் வந்து தண்ணீர் கேட்பது. சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போவது. ராத்திரி சாப்பாடு, டி.வி., படுக்கை. கோடுகள் ஐந்தாறு நிறத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கறுத்துப்போகும் இடம் எதுவோ அதுதான் சிக்கல். உங்களுக்கு அது சமையலறை வாசலுக்கும் மாடிப்படிக்கும் நடுவில் வரும் என்று நினைக்கிறேன். அத்தை காலை நீட்டப் போகிற இடமும் அதுதான்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் இந்தச் சிக்கல் இருந்ததில்லை. நீங்கள் பிரித்த வீட்டையே நினைத்துப் பாருங்கள். தெருவில் நின்று பார்த்தால் திண்ணை, அதை அடுத்த இடைகழியான ரேழி, கூடம், முற்றம், பின்பக்கத்து இரண்டாங்கட்டு எல்லாவற்றையும் தாண்டிக் கொல்லை வெளிச்சம் தெரியும். அந்த வழி கூடத்தின் நடுவில் ஓடாது. முற்றத்துக்கு ஒரு பக்கத்துத் தாழ்வாரத்தோடு ஓரமாகப் போகும். ஊஞ்சலும் நெல் கொட்டும் பத்தாயமும் படுக்கிற பாயும் மறு பக்கம். வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு சந்து. மாடும், வைக்கோலும், நெல்மூட்டையும் அந்த வழியாகக் கொல்லைக்குப் போய்விடும், கூடத்தை மிதிக்காது. காற்றுக்கும் அந்த நேர்வழிதான். ஆடியில் மேல்காற்று கொல்லைப் பக்கமிருந்து நுழைந்து தெருவாசல் வழியாக வெளியேறும்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். அந்த வீடுகளில் யார் எந்த வாசலில் வரலாம், யார் சந்தோடு நின்றுகொள்ள வேண்டும் என்பதில் சாதி இருந்தது. பெண்களை இரண்டாங்கட்டோடு நிறுத்திவைத்ததும் அதே அமைப்புத்தான். அதைத் திரும்பக் கொண்டுவர நான் துணை போக மாட்டேன். உங்கள் வீட்டில் சந்து சுமைக்காக இருக்கட்டும். மனிதர்கள், உங்கள் வயலில் நாற்று நடுகிறவர்கள் உட்பட, முன்வாசலில் வந்து திண்ணையில் உட்காரட்டும்.

இனி உங்கள் பிளானுக்கு வருகிறேன். பில்லர் கட்டிடம் என்பதால் சுவர்கள் பேஸ்மட்டத்து பெல்ட் கான்கிரீட்டின் மேல்தான் ஏறப்போகின்றன. சுவர்களை நகர்த்த வேண்டாம். பில்லர் இருக்கும் இடத்தைத் தவிர, சுவரின் எந்த இடத்திலும் நிலை வைக்கலாம். இன்றைக்கு நிலையை இடம் மாற்ற ஒரு பென்சிலும் அழிப்பானும் போதும். வாசலுக்கு மேலே வரும் லிண்டல் கான்கிரீட்டைப் போட்ட பிறகு அதே வேலைக்கு உடைப்பும் பூச்சும் சண்டையும் வரும்.

மேஸ்திரி உங்கள் தலைவாசலை ஹால் சுவரின் நட்டநடுவில் வைத்திருக்கிறார். அதனால் உள்ளே வருகிற ஒவ்வொருவரும் ஹாலை இரண்டாகப் பிளந்துகொண்டு குறுக்கே நடந்து, தென்மேற்கு முனையில் இருக்கும் நடைக்குப் போகிறார்கள். தலைவாசலை அப்படியே தெற்கே தள்ளி, ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கும் சுவரை ஒட்டி வையுங்கள். அந்த மூலையில் பில்லர் இருக்கிறது, அதற்கு ஆறு அங்குலம் விட்டு நிலை நிற்கட்டும். இப்போது பாருங்கள்: தலைவாசல், சாப்பாட்டு அறையின் திறப்பு, கொல்லை நடை, கொல்லைக் கதவு எல்லாம் ஒரே கோட்டில் வந்துவிடுகின்றன. நடை மூன்றரை அடி அகலம். அதே மூன்றரை அடி ஹாலிலும் தெற்கு ஓரமாக வழியாக ஓடும். மீதி எட்டரை அடிக்கு 20 அடி யாரும் குறுக்கே நடக்காத இடமாக உங்களுக்குக் கிடைக்கும். பழைய வீட்டின் தாழ்வாரமும் கூடமும் சுவரில்லாமல் திரும்ப வந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். வழிக்கு மட்டும் வேறு நிறத்தில் தரை போடலாம். நான் ஆத்தங்குடி கல் ஒரு வரிசை போடச் சொல்வேன். கால் தானாக அதன்மேல் போகும்.

அத்தையின் அறை வாசலை ஹாலிலிருந்து எடுத்து நடைக்குள் வையுங்கள். உங்கள் அறை வாசல் சாப்பாட்டு மேஜைக்கு எதிரே திறக்கிறது. அதையும் நடைக்குள் கொண்டுபோங்கள். ஆனால் இரண்டு வாசலும் எதிரெதிரே வேண்டாம், மூன்றடியாவது தள்ளி இருக்கட்டும். கதவைத் திறந்தால் மாமியார் கட்டில் தெரிகிற வீட்டில் இரண்டு பேருக்கும் நிம்மதி இராது.

மாடிப்படியை வீட்டுக்குள் வைக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. மேலே மொட்டை மாடிதான். போகிறவர் ஈரத்துணியோடும், வடாம் தட்டோடும், காயப்போட்ட மிளகாயோடும்தான் போவார். வீட்டுக்கு முன்னால் வரும் சிட்டவுட் வராந்தாவின் தெற்குக் கோடியில், சமையலறைக்கு முன்னால் அதைக் கொண்டுவாருங்கள். பத்தரை அடி உயரத்துக்கு ஏழு அங்குலம் வீதம் 18 படி, இரண்டு மடிப்பு. 10-க்கு 6 அடியில் அடங்கிவிடும். வீடுகளுக்குப் படி உயரம் 190 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, மிதி 250-க்குக் குறையக் கூடாது என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. உங்கள் பிளானில் உள்ள எட்டரை அங்குலப் படி அந்த அளவைத் தாண்டுகிறது. பின்னால் மாடி எழுப்பி வாடகைக்கு விட்டாலும் குடியிருப்பவர்கள் உங்கள் கூடத்துக்குள் வர வேண்டியதில்லை. படி வெளியே போனால் அதன் அடியில் இருக்கும் டாய்லெட்டும் போகும். சமையலறையின் கிழக்கு ஜன்னலும் போகும். காலை வெயில் போவது எனக்கும் வருத்தம்தான். தெற்குச் சுவரில் நாலடி ஜன்னல் வைத்து முடிந்தவரை ஈடுகட்டலாம்.

சமையலறைதான் இந்தப் பிளானில் நான் அதிகம் யோசித்த இடம். கிழக்குப் பார்த்த மனையில் தென்கிழக்கு அக்னி மூலையில் சமையலறை வைத்தால் அது தெருப் பக்கம் வந்துவிடுகிறது. கொல்லையோ நாற்பதடி பின்னால். முருங்கைக்கீரை பறிக்க, வாழையிலை அறுக்க, குப்பை கொட்ட, பெரிய பாத்திரம் துலக்க எல்லாவற்றுக்கும் ஹாலைக் கடந்து போய் ஹாலைக் கடந்து வர வேண்டும். ஒரு தடவைக்கு எண்பதடி. நீங்கள் பள்ளிக்கும் போய்வந்து இதையும் நடப்பதை எண்ணிப் பார்த்தேன். சமையலறையை வடமேற்கு வாயு மூலைக்கு மாற்றலாம் என்று வாஸ்துகாரர்களே ஒப்புவார்கள். ஆனால் உங்கள் அறைகள் எல்லாம் புரண்டுபோகும். அதைவிடச் சுலபமான வழி உங்கள் மனையிலேயே இருக்கிறது. வீட்டுக்குத் தெற்கே நாலடிச் சந்து விட்டிருக்கிறீர்கள். சமையலறையிலிருந்து அந்தச் சந்துக்கு ஒரு வாசல் வையுங்கள்.

ஒரு தடங்கல் உண்டு. வீட்டுத் தரை சந்தைவிட ஒன்றரை அடி உயரம். அங்கே மூன்று படி கட்டினால் நாலடிச் சந்தில் பாதிக்கு மேல் அடைந்துபோகும், மூட்டை தூக்கிக்கொண்டு ஆள் போக முடியாது. ஆகவே சந்து முழுவதையும் ஓரடி மண் போட்டு இடித்து, சிமெண்ட் தளம் போட்டு உயர்த்திவிடுங்கள். வாட்டம் பாதி தெருவுக்கும் பாதி கொல்லைக்கும் இருக்கட்டும். பக்கத்து மனைக்குத் தண்ணீர் போகாமல் காம்பவுண்ட் ஓரம் ஒரு வரி செங்கல் தூக்கிவிடுங்கள். பிறகு சமையலறைக்கு அரையடியில் ஒரே படி. கேஸ்காரர் 14.2 கிலோ சிலிண்டரை வாசலிலேயே இறக்கிவிட்டுக் காலியைத் தூக்கிப் போவார். மீன் வாங்கினால் சந்திலேயே கழுவி முடிக்கலாம். சந்தின் முனையில் முழங்கால் உயரத்தில் ஒரு குழாய் வையுங்கள். குறுவை நாற்று விட்ட நாள் முதல் சம்பா அறுப்பு வரைக்கும் உங்கள் வீட்டுக்காரர் சேற்றுக் காலோடுதான் வரப்போகிறார். அந்தச் சேறு கூடத்துக்கு வராது.

சமையலறைக்குள் இரண்டு வாசலையும் ஒரே மூலைக்குக் கொண்டுவாருங்கள். சாப்பாட்டு அறைக்குப் போகும் வாசல் மேற்குச் சுவரின் தெற்குக் கோடியில், சந்து வாசல் தெற்குச் சுவரின் மேற்குக் கோடியில். போகிறவர் வருகிறவர் அந்த மூலையோடு போய்விடுவார்கள், அடுப்புக்கும் சிங்க்குக்கும் நடுவில் நுழைய மாட்டார்கள். கொதிக்கிற சாம்பாரை இறக்கும்போது பிள்ளை குறுக்கே ஓடினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிழக்குச் சுவரில் அடுப்பு மேடை, தெற்குச் சுவரின் மீதியில் சிங்க், வடக்குச் சுவரில் ஃப்ரிட்ஜ். ஹாலுக்குத் திறக்கும் சமையலறை வாசலை மூடிவிடுங்கள். அடுப்பு, சிங்க், ஃப்ரிட்ஜ் மூன்றுக்கும் இடையிலான தூரத்தைக் கூட்டினால் 13 அடிக்குக் குறையாமலும் 26 அடிக்கு மேல் போகாமலும் இருக்க வேண்டும் என்பது சமையலறை வரைகிறவர்களின் பழைய கணக்கு. உங்கள் 10-க்கு 10 அறையில் அது தானாக அமையும்.

அத்தைக்கு வருகிறேன். அவர் அறைக்கும் கொல்லைச் சுவருக்கும் நடுவில் நாலடி ஸ்டோர் ரூம் ஒன்று காட்டியிருக்கிறார்கள். அதைப் பாத்ரூம் ஆக்குங்கள். மூட்டைகளுக்குக் கொல்லையில் மாட்டுக்கொட்டகை மேடை சும்மா கிடக்கிறது என்று வரைபடத்தில் குறித்திருக்கிறீர்களே, அதில் இரண்டு பக்கம் சுவர் வைத்தால் வீட்டுச் சாப்பாட்டு நெல்லும் விதைநெல்லும் அடங்கும். சந்து வழியாக நேரே அங்கே போய்விடும். பாத்ரூம் வாசலும் அத்தையின் அறை வாசலும் நடையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். கட்டிலிலிருந்து எட்டு அடி எடுத்து வைத்தால் போய்ச்சேர வேண்டும். அறைக்குள்ளேயே வைத்தால் வருகிற விருந்தாளி அவர் படுக்கையைத் தாண்டிப் போக வேண்டிவரும், அதனால்தான் நடையில் வைக்கச் சொல்கிறேன்.

பாத்ரூம் கதவு இரண்டரை அடி என்று போட்டிருக்கிறார்கள். மூன்றடி நிலை வேண்டும், மூன்றரை என்றால் இன்னும் நல்லது. சக்கர நாற்காலி தாராளமாக நுழைய 900 மில்லிமீட்டர் தெளிவான இடைவெளி வேண்டும், அது மூன்றரை அடி நிலையில்தான் கிடைக்கும். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். உள்ளே வழுக்கி விழுந்தவர் கதவிலேயே சாய்ந்து கிடந்தால், உள்பக்கம் திறக்கிற கதவை யாராலும் தள்ள முடியாது. வாசலில் படி வேண்டாம், தரையிலேயே லேசான வாட்டம் போதும். சந்து தளம் கொல்லைத் தாழ்வாரத்தில் முடியுமிடத்தில் படிக்குப் பக்கத்தில் ஒரு சரிவும் போட்டுவையுங்கள். ஒரு அடி ஏற 12 அடி நீளம் என்பது கணக்கு. உங்களுக்கு ஏற வேண்டியது அரையடி, ஆறு அடிச் சரிவு போதும். இன்றைக்குத் தேவைப்படாது. தேவைப்படும் நாளில் மேஸ்திரியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

தெருவில் போகிறவர் கண்ணுக்குக் கொல்லை வரைக்கும் தெரியுமே என்று வீட்டில் கேட்பார்கள். பழைய வீட்டிலும் தெரிந்தது. திண்ணையும் ரேழியும் அந்தப் பார்வையைத் தாமதப்படுத்தின. உங்களுக்குச் சிட்டவுட்டில் படிக்கட்டு போக 14 அடி மிஞ்சுகிறது. அதில் ஒன்றரை அடி உயரத்தில் ஒரு திண்ணையும் கம்பிக் கிராதியும் வையுங்கள். நடையின் ஹால் பக்கத்து வாயில் ஒரு திரை தொங்கட்டும். கொல்லைக் கதவுக்குக் கம்பிக் கதவு ஒன்றும், மேலே கண்ணாடி வெண்டிலேட்டர் ஒன்றும் வைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் இரண்டு அறைக்கு நடுவில் நடை பட்டப்பகலில் இருட்டாகக் கிடக்கும்.

வாஸ்து பற்றி உங்கள் தயக்கம் புரிகிறது. நான் சொன்ன எதிலும் பூஜை வடகிழக்கு ஈசான்யத்தை விட்டு நகரவில்லை, அடுப்பு அக்னி மூலையை விட்டு நகரவில்லை, உங்கள் அறை தென்மேற்குக் கன்னி மூலையிலேயே இருக்கிறது. தலைவாசல் கிழக்குப் பார்த்தே இருக்கிறது, மூன்று நாலு அடிதான் தள்ளியிருக்கிறது. அந்த இடத்துக்கு மட்டும் நிலை வைக்கும் கணக்கை வாஸ்து பார்த்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், ஓரிரு அங்குலம் நகர்த்தச் சொன்னால் நகர்த்தலாம். படிக்கட்டும் வெளிவாசலும் மாறுவதால், அனுமதி வாங்கிய வரைபடத்தைத் திருத்த வேண்டுமா என்று ஊராட்சியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வளைகாப்பு, பிறந்தநாள், தீபாவளி என்று கூட்டம் கூடும் நாளுக்கும் இந்தக் கூடம் தாங்கும். முப்பது பேர் வடக்குப் பக்கம் பாய் விரித்து உட்கார்ந்திருக்க, பரிமாறுகிறவர்கள் தெற்கு ஓரமாகவே போய்வரலாம். சொல்லத் தயக்கம்தான், ஆனால் சொல்லாமல் விடக் கூடாது: வீட்டில் ஒரு துக்கம் நடக்கும் நாளுக்கும் வழி வேண்டும். ஃப்ரீசர் பெட்டி கூடத்தில் இருக்கும், சுற்றி உட்கார்ந்து அழ இடம் வேண்டும், வருகிறவர் நின்று பார்த்துத் திரும்ப வேண்டும், கடைசியில் எங்கும் சாய்க்காமல், திருப்பாமல் வெளியே கொண்டுபோக வேண்டும். வளைவான வாசலில், இடுக்கான திருப்பத்தில் ஊரே நின்று தடுமாறுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் அந்தக் குடும்பத்துக்கு அது இன்னொரு வலி. மூன்றரை அடித் தலைவாசல், நேர் வழி என்பதில் பிடிவாதமாக இருங்கள்.

பீரோவும் ஒரு சோதனை. உங்கள் மூன்றடி அகல பீரோவை நடையிலிருந்து அறைக்குள் திருப்ப முடியுமா என்று அட்டையில் அதே அளவுக்கு வெட்டி வரைபடத்தின்மேல் நகர்த்திப் பாருங்கள். கட்டிலுக்கும் செய்யுங்கள். கதவு திறக்கும் கால்வட்டத்தையும் வரையுங்கள். கட்டிலில் இடிக்கிற கதவு வருஷம் முழுவதும் பாதிதான் திறக்கும்.

இதெல்லாம் காகிதத்தில். உங்களுக்குக் காகிதத்தைவிட நல்லது ஒன்று இருக்கிறது: மழை வாங்கி இறுகிப்போன அந்தப் பேஸ்மட்டம். பொங்கலுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போங்கள். சுவர் வரும் இடமெல்லாம் கோலமாவால் கோடு இழுங்கள், வாசல் வரும் இடத்தில் கோட்டை விட்டுவிடுங்கள். அடுப்புக்கு ஒரு செங்கல், சிங்க்குக்கு ஒரு செங்கல், சோபாவுக்கு நாலு. மேஸ்திரியும் கூட இருக்கட்டும். பழைய எட்டு வாசலை முதலில் போட்டுப் பத்து நிமிஷம் எல்லோரும் காலை ஏழரை மணி மாதிரி நடந்து பாருங்கள். அப்புறம் அழித்துவிட்டுப் புதிய கோட்டைப் போட்டு மறுபடி நடங்கள். வீட்டுக்காரரிடம் நீங்கள் வாதாட வேண்டியிருக்காது, அவரே இடித்துக்கொள்வார்.

அத்தையைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். ஒரு நாற்காலியைக் கொடுத்து, "அத்தை, நீங்க எங்க உக்காரப் போறீங்க?" என்று கேளுங்கள். வடக்குச் சுவரோரம் மெத்தென்று இடம் இருந்தாலும் அவர் அங்கே போக மாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தெருவும் தெரிய வேண்டும், சமையலறைப் பேச்சும் காதில் விழ வேண்டும், போகிற வருகிற பேரப்பிள்ளையை ஒரு வார்த்தை கேட்கவும் வேண்டும் அவருக்கு. வழியை ஒட்டி, சாப்பாட்டு அறைத் திறப்புக்கு எதிரே உட்காருவார். உட்கார்ந்ததும் காலை நன்றாக நீட்டச் சொல்லுங்கள். பாதம் எங்கே முடிகிறதோ அங்கிருந்து ஒரு சாண் விட்டு, வழியின் கோட்டை இழுங்கள். மூன்றரை அடி அங்கிருந்து தெற்கே கிடைத்தால் மேஸ்திரியிடம் சுவரைத் தொடங்கச் சொல்லலாம். கிடைக்காவிட்டால் நாற்காலியை நகர்த்தாதீர்கள், எனக்கு எழுதுங்கள்.